கம்ப்யூட்டரின் புலம்பலை எங்கே வைப்பது?

போன வியாழக்கிழமை பண்டாரவளையில் நல்ல இடி. எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் யூனிக்ஸ் கம்ப்யூட்டர், ‘இடமில்லை’ என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிட்டது.

தேயிலை ஏலத்துக்கான விவரத்தாள்கள் பிற்பகல் ரயிலில் கொழும்புக்குப் போயாக வேண்டும். நானோ வேலையில் இன்னும் நிரந்தரமாகாதவன்.

பெரிய கிளாக்கர் பின்னால் வந்து நின்றார். “தம்பி, இன்னைக்குப் பேப்பர் போகலைன்னா மெஷினையும் உங்களையும் ஒண்ணா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பழைய டைப்ரைட்டர் இன்னும் அலுமாரியிலதான் இருக்கு!”

இடத்தை அடைத்தது யார்? தேடினால்... லாக்! கம்ப்யூட்டர் தனக்கு நேர்வதையெல்லாம் தானே எழுதிவைக்கும் கோப்பு. கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் ‘பிரின்டர் போச்சு, பிரின்டர் வந்துச்சு’ என்று புலம்பித் தள்ளியிருக்கிறது. அதுவும் வேலை நடக்கிற அதே டிஸ்க்கில்.

அழித்துவிடலாமா? மறுநாள் வருகிற என்ஜினியர் முதலில் கேட்பதே அதைத்தான். இரண்டாவது டிஸ்க்கில் ‘டெம்ப்’ என்று தற்காலிகமாக வைக்க ஒரு மூலை உண்டு, அங்கே தள்ளலாமா? மெஷின் நின்று மறுபடி கிளம்பினால் அதைத் தானே கூட்டிப் பெருக்கிவிடும். வெளியே இடி வேறு!

அப்போதுதான் கொஸ்லந்தையில் எங்கள் தோட்டத்து லயம், வரிசை வீடு, ஞாபகத்துக்கு வந்தது. இருப்பது ஒரே காம்பரா; அந்த ஓர் அறைதான் வீடே. விறகு வேண்டும்தான் — அதற்காக உள்ளே அடுக்கினால் ஆள் எங்கே படுப்பது? வாசலை ஒட்டிக் கூரை இறக்கிய இஸ்தோப்பில்தான் அடுக்குகிறோம். நனையாது, கைக்கும் எட்டும்.

இரண்டாவது டிஸ்க்கில், டெம்ப்புக்கு வெளியே, லாக்குக்கென்றே ஓர் இடம் ஒதுக்கினேன். பழையதை அங்கே மாற்றி, இனி அங்கேயே எழுது என்று மெஷினுக்கும் சொல்லிவைத்தேன். பிரின்டர் கரகரத்தது. கடைசித் தாளைக் கிழித்த கையோடு கரண்ட் போய்விட்டது!

“பொழைச்சீங்க தம்பி!” தாள்களோடு கிளாக்கர் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

கரண்ட் வந்து மெஷினைக் கிளப்பினேன். டெம்ப் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. லாக் பத்திரமாக இருந்தது.

நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டாவது டிஸ்க்கும் நிறைந்தால்? என்ஜினியர் குறை சொன்னால்? வேலை நிரந்தரமாகாவிட்டால்?... பஸ் முழுக்க இதே யோசனை. வாசலில் நின்றபடியே, விறகுக் கதையையும் சேர்த்து, மனைவியிடம் ஒன்றுவிடாமல் கொட்டினேன்.

அவள் சோற்றுப் பானையிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

“ஒங்க பொலம்பலையும் இஸ்தோப்புல அடுக்கிட்டு உள்ள வாங்க. இருக்கிறது ஒரே காம்பரா!”