பக்கத்து வீட்டில் பிலிப்பைன்ஸ்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் கைக்குழந்தையும் இருந்தோம். என் கணவருக்குக் கப்பலில், இன்ஜின் அறையில் வேலை. நாங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். பிரசவத்துக்கு நல்ல ஆஸ்பத்திரி வேண்டுமென்று பாளையங்கோட்டைக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டேன்.

அந்த மாதம்தான் பம்பாயிலிருந்து கப்பல் கம்பெனிக்காரர்கள் தெருமுனைக் கடைக்கு ஃபோன் செய்து என்னைக் கூப்பிட்டார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் நின்றபோது நீராவிக் குழாய் வெடித்து என் கணவருக்குத் தீக்காயமாம். அவரை அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் கிளம்பிப் போய்விட்டதாம். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குப் பிறகு நான் எப்போது பேசினாலும் "விசாரித்துச் சொல்கிறோம்" என்ற ஒரே பதில். ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். மாமியார் வீட்டுக்குச் சொல்லவும் தைரியம் வரவில்லை. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் குழந்தையைத் தூங்கவைத்துக் கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து "பிலிப்பைன்ஸ்" என்று ஒரு பெண்குரல் உரக்கக் கேட்டது. இவர்களுக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் சொல்லியிருப்பாரோ? எனக்கு இன்னும் வராத தகவல் ஏதாவது இவர்களுக்கு வந்துவிட்டதோ?

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். வாரா வாரம் ஏழெட்டுப் பெண்கள் அவர் வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றேன்.

"வாம்மா, உள்ள வா. பிள்ளைய இங்கன கெடத்து" என்று பாயை விரித்தார் டீச்சர்.

சுவரில் உலகப் படம் மாட்டியிருந்தது. மாதத்துக்கு ஒரு நாடாக எடுத்து ஜெபிப்பார்களாம், இந்த மாதம் பிலிப்பைன்ஸாம். என் கணவரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் ஜெபத்தைக் கேட்கக் கேட்க முகம் சூடேறியது. அது பெரும்பாலும் கத்தோலிக்க நாடாம். மாதாவையும் சுரூபச் சிலைகளையும் நம்பி வழிதப்பிப்போன அந்த ஜனங்களுக்குக் கர்த்தர் மெய்யான வெளிச்சத்தைக் காட்ட வேண்டுமாம். நான் யாரென்று தெரிந்தேதான் கூப்பிட்டு உட்காரவைத்து இதைச் சொல்கிறார்களோ? என் சேலை முந்தானைக்குள் ஜெபமாலை இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. என் கணவர் கிடக்கும் நாட்டின் பெயரை அந்த ஊரிலேயே உரக்கச் சொன்ன வீடு அது ஒன்றுதான்.

அடுத்த வாரமும் போனேன். திரும்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே, பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா பேசுவது காதில் விழுந்தது. "ஆர்.சி. பிள்ளைக்கு இங்க என்ன சோலி? நாம என்ன ஜெபிக்கோம்னு கேட்டுட்டு அவிய சாமியார்ட்ட போய்ச் சொல்லுதாளோ என்னமோ."

டீச்சர் பாயைச் சுருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அதை மறுக்காததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆனாலும் மறுவாரம் போனேன். அன்று யாரோ ஒருவர் அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் கிடக்கும் நோயாளிகளுக்காக ஜெபித்தார். அவ்வளவுதான், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. வாய்விட்டு அழுதேன். ஜெபம் நின்றுபோனது.

பேங்க் அம்மாதான் முதலில் கேட்டார். "உண்மையச் சொல்லுங்க. எதுக்கு இங்க வாரீய?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத மொதல்லயே சொல்லப்படாதா?" என்றார் டீச்சர்.

"சொன்னா, இதையே சாக்கா வச்சு என்னைய உங்க சபைக்கு இழுத்துருவீங்கன்னு பயந்தேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. கையிலிருந்த வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு, "எந்தப் பட்டணம்? ஆஸ்பத்திரி பேரு தெரியுமா?" என்று கேட்டார்.

அவரிடம் படித்த ஒருவர் அந்த நாட்டில் சபை ஊழியம் செய்துகொண்டிருந்தார். அந்த நாட்டை ஜெபத்துக்கு எடுத்ததே அதனால்தான். டீச்சர் என்னை ஆட்டோவில் ஏற்றி, பக்கத்திலிருக்கும் வண்ணார்பேட்டைக்குக் கூட்டிப்போய், வெளிநாட்டுக்குப் பேசும் பூத்தில் வெகுநேரம் காத்திருந்து அவரைப் பிடித்தார். கப்பல் நின்ற ஊர் வேறொரு தீவில் இருக்கிறது, படகேறிப் போய்ப் பார்க்கிறேன் என்றாராம் அவர். வரும் வழியெல்லாம், இதற்குப் பதிலாக டீச்சர் என்னிடம் என்ன கேட்கப்போகிறாரோ என்றே என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

சில நாட்களில் தெருமுனைக் கடைக்கு ஃபோன் வந்தது. என் கணவரின் குரல்! மெலிந்திருந்தது, ஆனால் அவர் குரல்தான். இரண்டு கைகளிலும் கட்டு, இத்தனை நாளும் விடாத காய்ச்சல், இப்போதும் ஃபோனை அந்த ஊழியக்காரர்தான் காதில் பிடித்திருக்கிறார் என்றார். கம்பெனி பொய் சொல்லவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் தன் மகனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஓர் அம்மாதான் தினமும் இவருக்குக் கஞ்சி ஊட்டினாராம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. சாயங்காலமானால் இவர் கட்டிலுக்கும் வந்து மாதாவிடம் வேண்டிக்கொண்டு போவாராம்.

இதையெல்லாம் டீச்சரிடம் அப்படியே சொன்னேன். அடுத்த கூட்டத்தில் அவர் வழக்கம்போல் ஆரம்பித்தார். "ஆண்டவரே, இருளில் இருக்கிற அந்த ஜனங்களை..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார். "கர்த்தாவே, அங்கன கஞ்சி ஊட்டுன அந்தப் பொம்பளைய நல்லா வையும்."

பேங்க் அம்மா சற்றுத் தயங்கினார். பிறகு எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னார்.

தைப் பொங்கலுக்கு முன்பே என் கணவர் வீடு வந்து சேர்ந்தார். டீச்சர் ஒரே ஒரு தடவை, "ஒரு ஞாயித்துக்கெழமை எங்க ஆராதனைக்கு வாயேன்" என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்துவிட்டார். அதோடு சரி.

இன்றைக்கும் யாராவது "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொன்னால் முதலில் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. ஆனால் அந்தச் சந்தேகத்திலேயே அன்று டீச்சர் வீட்டிலிருந்து எழுந்து போயிருந்தால் என் கணவரின் குரலை எப்போது கேட்டிருப்பேனோ என்று நினைத்துக்கொண்டு, "ஜெபியுங்கள்" என்றே சொல்கிறேன்.