தை மாதத்துக் கலசத் தண்ணீர்

என் ஓரகத்தியை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிடக் கூடாது.

திருமயம் பக்கத்தில் எங்கள் பங்காளிகளுக்கு ஒரு பொது வீடு. பெரிய வீடுதான், ஆனால் குடியிருப்பது நானும் என் கணவரும் மட்டும். பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்தபின், சென்னை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தோம். தினமும் காலையில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு, விரல்களை நீவி மடக்கிப் பழக்கினால் பிடிமானம் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாளியில் ஹீட்டர் ராடு போட்டுக் காய்ச்சினேன்.

கரண்டு மீட்டர் கணவரின் அண்ணன் பேரில். போன பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, ராடைப் பிடுங்கித் தன் அறையில் வைத்துப் பூட்டினாள். "இனிமே கரண்டுல தண்ணி காயக் கூடாது. வெந்நீ குளிக்கணும்னா சம்பாதிக்கணும்," என்றாள். என் கணவர் தோளில் துண்டோடு அங்கேதான் நின்றார். தலை குனிந்துகொண்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தனி மீட்டர் வாங்கலாம் என்றால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். புதுக்கோட்டைக்குப் போய் சோலார் விலை கேட்டேன். கடைக்காரர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். கேஸில் காய்ச்சினால் சிலிண்டர் மாசம் தாங்காது. கடைசியில் பழைய இரும்புக் கடையில் ஒரு விறகு பாய்லர் கிடைத்தது. நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர். ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்தேன். தைலமரம் வெட்டிய காட்டில் கிடந்த சுள்ளிகளை அள்ளி வந்தேன். புகையில் கண் எரியும்போதெல்லாம் அவளை வைதேன். வைய வைய எனக்குத் தெம்பு வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் அவர் விரல்கள் டம்ளரைச் சுற்றி மடங்கின. தூக்குகிற பலம்தான் இன்னும் வரவில்லை.

இந்தத் தையில் கணவரின் அண்ணனுக்கு அறுபது நிறைந்தது; விழா இந்த வீட்டில்தான். எங்கள் பக்கம் தம்பதியை மணையில் உட்காரவைத்து, மந்திரம் சொன்ன கலசத் தண்ணீரை உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையில் ஊற்றுவார்கள். அன்று விடியலில் நல்ல பனி. ஓரகத்தி என்னிடம் வந்து குழைந்தாள்.

"ஏத்தா, ஒன் பாய்லர்ல கொஞ்சம் வெந்நீ எடுத்துக் கலசத்துல கலந்துருவமா? எனக்குக் குளிரு ஆகாது."

முற்றத்தில் இருந்த பெரியவர்களுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். "மந்திரம் சொன்ன தண்ணிங்க அக்கா. அதுல போயி பாய்லர் தண்ணியக் கலக்கலாமா?"

"அதெப்படி? கூடவே கூடாது," என்றார்கள் எல்லோரும். அவள் மணையில் போய் உட்கார்ந்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஊற்ற ஆட்கள் நிறைய. எங்கள் முறை வருவதற்குள் அவள் பற்கள் தந்தியடித்தன. தம்பியும் பெண்டாட்டியும் சேர்ந்து குடத்தைப் பிடிக்க வேண்டும். குடத்தின் கழுத்தை நான் பிடித்தேன். என் கணவரின் கை பேருக்கு அடியில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அண்ணன் தலையில் சட்டென்று கொஞ்சம் விட்டோம். அவள் தலைக்கு வந்ததும், குளிர் நெடுநேரம் இறங்கட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாகச் சாய்த்தேன்.

குடம் நான் சாய்த்த அளவுக்குச் சாயவில்லை. அடியில் அவருடைய வலது கை அதை இறுகப் பிடித்திருந்தது. நான் நினைத்ததைவிட மெல்லிசாக, நூல் பிடித்தாற்போல, நின்று நிதானமாக அவள் உச்சியில் ஊற்றினார்.

நான் என் கையை எடுத்துக்கொண்டேன்.