இடது காலுக்கு ஒன்று

லாரி எடை மேடையில் ஏறும் சத்தம் கேட்டதும் மைக் அக்கா காலியாக இருக்கும் பின்னல் ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டு மைக்கை வாய்க்கு இழுப்பார். "அண்ணே, கீழ இறங்கி நில்லுங்க. உங்க தொப்பைய யாரும் விலைக்குக் கேக்கல." டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்குவார். எடை நிற்கும், சீட்டு அச்சாகும், ஊசி கைக்குத் திரும்பும்.

எடை மேடையில் லாரி வந்தால் தலைபோகிற அவசரம். வராவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். அக்கா ஈ ஓட்டாமல் கம்பளி பின்னுகிறார். அவர் பின்னிய குல்லாய் போடாத குழந்தை அந்தத் தெருவில் கிடையாது. வாய்தான் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்.

பின்னி முடிக்காத வேலை ஒன்றே ஒன்று மட்டும் மூன்று வருடமாகப் பையின் அடியில் கிடந்தது. கடுகு மஞ்சளில் முழுசாக ஒரு காலுறை, கணுக்காலோடு நின்றுபோன இன்னொன்று. வீட்டுக்காரர் பெயின்டர், சர்க்கரை வியாதிக்காரர். கால் ஜில்லென்று இருக்கிறது என்று அவர் சொல்லப்போய் ஆரம்பித்த வேலை அது. நிறம்கூட அவர் பார்த்து எடுத்ததுதான். ஏணியில் பட்ட சின்னக் காயம் ஆறாமலே போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா இரண்டாவதைப் பின்னிக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார். அந்தக் கண்ணியோடு நிறுத்தியவர்தான். முடிந்திருந்த ஒற்றையைப் பற்றி அப்புறம் வீட்டில் யாரும் வாயே திறக்கவில்லை.

போன மாதம் செயற்கைக் கால் வந்தது. தினம் போட்டுப் பழகாவிட்டால் பிறகு அது பொருந்தாமலே போய்விடும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்கள். பெயின்டர் வீட்டுக்கு வந்ததும் அதை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். "துணிக்கடை பொம்மையோடத எனக்கு மாட்டி விடறாங்க" என்றார். அக்கா கெஞ்சினார், திட்டினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தார். அசைந்துகொடுக்கவில்லை மனுஷன்.

பேசிப் புண்ணியமில்லை என்றான பிறகுதான் பையின் அடியைத் துழாவினார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துவிடலாம் என்று நினைப்பு. ஆனால் செயற்கைப் பாதம் மடங்காது, விறைத்துக்கொண்டு நிற்கும். காலுறையின் வாய் தளர்ந்திருந்தால்தான் உள்ளே போகும். இதுவோ பயத்தில் நூலை இறுக்கிப் பிடித்துப் பின்னியது. முழுவதையும் பிரித்தாக வேண்டும். மூன்று வருடமாகத் தொட மனம் வராததை அக்கா ஒரே இருப்பில் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பிரித்தார். கொஞ்சம் அழுதார். பிறகு சுருண்டிருந்த நூலை நனைத்து, நுனியில் ஒரு கரண்டியைக் கட்டித் தொங்கவிட்டு நேராக்கினார்.

போட்டுப் பார்த்துப் பின்ன அளவு வேண்டுமே! அவர்தான் அலமாரிப் பக்கமே திரும்புவதில்லை, தெரியவா போகிறது என்ற தைரியத்தில், தினமும் அந்தச் செயற்கைக் காலைப் பையில் போட்டு வேலைக்குத் தூக்கிக்கொண்டு போனார். சீட்டு அச்சிடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஜம்மென்று நின்றது கால். ஜன்னலில் கை நீட்டிய டிரைவர் ஒருவர் அப்படியே வாயைப் பிளந்துவிட்டார். "என்னண்ணே பாக்கறீங்க? எங்க வீட்டுக்காரர்ல பாதி வேலைக்கு வந்திருக்கு" என்றார் அக்கா.

குதிகால் திருப்பியாயிற்று, பாதம் வளர்ந்தாயிற்று, விரல் நுனியை மூட வேண்டியதுதான் பாக்கி. அப்போது போன் அடித்தது. பெயின்டர். அலமாரியை நகர்த்தியிருப்பார் போலும், மூச்சு வாங்கியது.

"என் காலு எங்கடி?"

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். இத்தனை நாளும் 'அது', 'அந்தப் பொம்மை'. வெளியே மேடைமேல் நின்ற லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எங்கிட்டதான் இருக்கு. சாயந்திரம் எடுத்துட்டு வரேன்."

"கீழ கீழ போட்டுடாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயந்திரம் அக்கா மஞ்சள் காலுறை மாட்டிய காலை அவர் மடியில் வைத்தார். வலது காலுக்கான ஜோடியைக் கையில் கொடுத்தார். பெயின்டர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஒத்துப் பார்த்தார். நனைத்ததில் ஒன்று லேசாக வெளுத்துவிட்டது, ஒரே டப்பா பெயின்ட் என்று யாரும் நம்ப மாட்டார்கள் என்று குறை சொன்னார். சொல்லிக்கொண்டே வலது காலில் பழையதைப் போட்டுக்கொண்டார். இடது பக்கத்தைப் பொருத்தினார். சுவரைப் பிடித்து எழுந்து நின்றார்.

அக்கா தொடவில்லை. விழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கையையும் விரித்தபடி பின்னாலேயே போனார். வாசற்படிவரை நடந்த பெயின்டர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தளர்வாகப் பின்னியதாயிற்றே, இடது காலுறை கொஞ்சம் சரிந்திருந்தது. மெல்லக் குனிந்து, அதை ஒரு இழுப்பு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.