இவருக்குப் பதில் இனி இவர்

அந்தச் சீரியலை நான் விடாமல் பார்த்ததற்கு ஒரே காரணம் அந்தப் பெண்தான். கதை ஒன்றும் பிரமாதமில்லை. மாமியார் சாம்பாரில் உப்பை அள்ளிப் போடுவாள், பழி மருமகள்மேல் விழும். ஆனால் அந்த மருமகளாக நடித்தவள் அழுவதற்கு முன்னால் கீழுதட்டை ஒரு நொடி உள்ளே இழுத்துக்கொள்வாள் பாருங்கள், அதற்காகவே பார்ப்பேன். ஆவடி குவார்ட்டர்ஸில் அம்மாவோடு பார்க்க ஆரம்பித்தது, கல்யாணமாகிக் கள்ளிக்குப்பம் வந்த பிறகும் தொடர்ந்தது. வந்த புதிதில் இந்த வீட்டில் எனக்குப் பழகிய முகம் அது ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை ஏழு மணிக்கு டிவியைப் போட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள். அதே பச்சைப் புடவை, அதே தாலிச் சங்கிலி, அதே சமையலறை. திரையின் அடியில் ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். சீரியல் புருஷன் உள்ளே வந்தான். புதியவளின் தோளைத் தொட்டு, “நேத்து ஏன் அப்படி அழுதே?” என்று கேட்டான். நேற்று அழுதவள் இவளா? இவளோ ஏதோ தானே அழுத மாதிரி கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பயந்ததை மறைக்கக் கோபப்படுவது என் சுபாவம். “கட்டின பொண்டாட்டி மூஞ்சியே மாறிப்போச்சு, அது கூடவா அந்த ஆளுக்குத் தெரியல? கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று பொரிந்து தள்ளினேன்.

பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரிஞ்சிகினு இன்னா பண்ணுவான்? ஊடு நடக்க வாணாமா? ரெண்டு வாரம் போனா உனுக்கும் பழகிடும்” என்றார்.

அவர் அதை யாரை நினைத்துச் சொன்னாரோ தெரியாது. நான் இந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவள். முதல் மனைவிக்கு ஓயாத தலைவலியாம். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வேலை செய்வாளாம். கடைசியில் அதுவே அவளைக் கொண்டுபோயிற்று. எனக்கோ தலைவலி என்றால் என்னவென்றே தெரியாது. என் வீட்டுக்காரர் என்னை ஒருநாளும் அவளோடு ஒப்பிட்டதில்லை. அவளைப் பற்றிப் பேசினதுகூட இல்லை. அவர் கண்ணுக்கு நான் நானாகத்தான் தெரிகிறேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

சேனலுக்குச் செல்போனில் எழுதினேன். ‘பழையவரையே கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் பார்க்கமாட்டோம்.’ எழுதிவிட்டு வெட்கமில்லாமல் மறுநாளும் பார்த்தேன். ஆடி மாதம் பிறப்பதற்குள் பழகித்தான் போயிற்று. ஒருநாள் பழையவளின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். உதடு மட்டும்தான் வந்தது.

ஆடியில் இங்கே பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். பூவும் பொட்டுமாகப் போன பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்துப் புதுப்புடவை சாத்தி, பிடித்ததைச் சமைத்து வைத்து, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருப்போம். பிறகு அந்தப் புடவையை வீட்டு மருமகள் உடுத்த வேண்டும். அதற்கு ஒரு ஜாக்கெட்டும் உண்டு. இந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி அந்த முதல் மனைவிதான். அவளுடைய பழைய ஜாக்கெட் ஒன்றை மாமியார் பத்திரமாக வைத்திருக்கிறார். அளவுக்கு அதைத்தான் டெய்லரிடம் கொடுப்பார். உடுத்தப்போகிறவள் நான், அளவு அவளுடையது. முதல் வருஷம் கேட்டதற்கு, “தைக்கிறது அவளுக்குத்தானம்மா” என்றார். அன்றைக்கு அது தொளதொளவென்று தொங்கியது. நாலு ஊக்குக் குத்தி ஒப்பேற்றினேன்.

இந்த வருஷம் கதவைத் திறந்து, படையலிலிருந்து புது ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கொக்கிகள் எல்லாம் தானாக மாட்டிக்கொண்டன. கல்யாணமானால் உடம்பு வைக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ஜாக்கெட்டில் வலக்கை இடக்கையைவிட ஒரு விரற்கடை அகலம். அது அவள் உடம்பு வாகு. அந்தக் கையும் எனக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டி நீட்டிப் பார்த்தேன்.

கூடத்தில் சீரியல் தொடங்கிவிட்டிருந்தது. புதுப்புடவையோடு போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றார். தோளில் கை விழுந்தது.

“தலைவலி இப்ப எப்டி கீது?” என்று கேட்டார்.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை, வாய் தவறினதுமில்லை. நான் வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் அவ்வளவு அன்பை நான் பார்த்ததில்லை. எனக்குத் தலைவலி என்று உனக்கு யாரய்யா சொன்னது என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

“இப்ப பரவால்லங்க” என்றேன்.