டொரத்திக்கு வேண்டிய முகம்

மினி மார்க்கெட்டில் மிளகாய்த்தூள் அலமாரிக்கு எதிரே டொரத்தி நின்றுகொண்டிருக்கிறார். கையிலிருக்கும் கூடையில் ஒன்றும் இல்லை. வாங்க வரவில்லை அவர். வாங்குகிறவர்களை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார். ஒரு பெண்மணி ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைக்கிறார். டொரத்திக்கு வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, அத ஏன் வச்சிட்டீங்க?"

"ரொம்பச் செவப்பா இருக்கு. சாயம் கலந்திருப்பான்."

டொரத்தி தலையை ஆட்டிக்கொள்கிறார். இனி பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவருடைய விளம்பர நிறுவனத்தில் ஏதோ ஒரு பாக்கெட்டின் நிறம் மாறும். முன்பு ஒருமுறை செலாயாங் பக்கம் ஒரு கடையில் இப்படித்தான் வெறுங்கூடையோடு நின்றிருந்தார். திருட வந்தவர் என்று நினைத்து காவலாளி பின்னாலேயே நடந்தார். டொரத்தி கோபித்துக்கொள்ளவில்லை. அவரையும் நிறுத்தி, வீட்டில் என்ன சவர்க்காரம் போடுகிறீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வந்தார்.

வயது அறுபதைத் தாண்டி நாளாகிறது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, உதட்டில் அடர்ந்த சாயம், காலில் ஓட்டக்காரர்கள் போடும் சப்பாத்து. நடை வேகமானது, பேச்சு அதைவிட வேகமானது. அலுவலகத்தில் சின்னவர்களுக்கு ஆன்டி, வாடிக்கையாளர்களுக்கு மேடம், சாப்பாட்டுக் கடைக்காரருக்கு மட்டும் 'பாஸ்'. அந்த பாஸில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. ஞாயிறானால் குடும்பமே மெதடிஸ்ட் சர்ச்சில் இருக்கும். பள்ளி முடித்ததும் ஒரு பெரிய விளம்பரக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். அங்கே தமிழருக்கு விளம்பரம் என்றால் தீபாவளிக்கு ஒன்று, அதோடு சரி. "மத்த நாள்ல நம்மாளு பல்லே வெளக்கமாட்டான்னு நெனச்சாங்க போல" என்று இன்றைக்கும் நக்கலடிப்பார். அந்த வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியபோது உறவுக்காரர்கள் வாயில் விழாத நாள் இல்லை. கல்யாணம் பண்ண வேண்டிய வயதில் கடை கடையாக ஏறி இறங்குகிறாளே என்றார்கள்.

ஏறி இறங்கினார்தான். கிள்ளானில் மசாலா மில் வைத்திருந்த கமலநாதன்தான் முதலில் அகப்பட்டவர். "என் தூளு காரமா இருந்தா ஆளு தானா வரும்மா" என்று விரட்டப் பார்த்தார். "காரம் நாக்குலதான் தெரியும் அண்ணே. கடையில நின்னு பாக்கெட்ட நக்கிப் பாத்தா வாங்குவாங்க?" என்றார் டொரத்தி. கமலநாதன் சிரித்துவிட்டார். சிரித்தவரை விடுகிற ஆளா இவர்? அன்று பிடித்த பிடியில் மசாலா வந்தது, பிறகு நகைக்கடை, பிறகு வங்கி. இப்போது கடைவீட்டின் இரண்டு மாடியும் அவருடையது.

கொடுப்பதில் கை தாராளம். ஆனால் வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற ரகம் இல்லை. சுங்கை பூலோ பக்கம் ஒரு பள்ளிக்கு அவர் வாங்கிக் கொடுத்த பஸ்ஸில் பள்ளிப் பெயரைவிட டொரத்தியின் பெயர் பெரிது. தலைமையாசிரியர் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். "வெளம்பரக்காரி பேரு போடாம குடுத்தா தொழிலுக்கே அவமானம் லா, சார்" என்று பதில் வந்தது. இப்படி வெட்கமில்லாமல் தானம் செய்கிறவரை எனக்கு ஏனோ பிடித்துத்தான் போகிறது.

கிள்ளானில் இருக்கும் டயாலிசிஸ் நிலையம் மட்டும் வேறு கதை. டொரத்தியின் தம்பி நைஜல் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று முறை ஊசி குத்திக்கொண்டு கிடந்து, போய்ச் சேர்ந்தவர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த இயந்திரம் சுற்றுவதைப் பார்த்தே டொரத்திக்குப் பல வருஷம் ஓடிற்று. தம்பி போன பிறகும் அவரால் அந்தச் சத்தத்தை விட்டு வர முடியவில்லை. இல்லாதவர்களுக்காக அந்த நிலையத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு வருஷமும் நன்கொடை கேட்டு விளம்பரமும் அவரே செய்வார்.

இந்த வருஷம் பழைய இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ணின. பழுது பார்க்கிறவர் கையை விரித்துவிட்டார். பாதியை டொரத்தியே வாங்கித் தருகிறார். மிச்சத்துக்கு ஊர் கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மாலை ஷிஃப்டை மூடவேண்டியதுதான். அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காத்திருப்போர் வரிசை நீளம். மாலையில் வருகிறவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

டொரத்தியிடம் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. "அழுவுற மூஞ்சிக்குத்தான் காசு வரும். சிரிக்கிற மூஞ்சிய வச்சி பவுடர் விக்கலாம்." ஆகவே முகம் தேடினார். பக்கத்து ஊரான மேருவிலிருந்து மாலை ஷிஃப்டுக்கு வரும் வள்ளியம்மாவைப் பிடித்தார். ஒட்டிய கன்னம், குழிந்த கண். கேட்டதுமே வள்ளியம்மாவும் சரி என்றுவிட்டார்.

படம் எடுக்கிற அன்று வள்ளியம்மா நிலையத்தில் வந்து இறங்கியதைப் பார்த்து டொரத்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரக்குப் பட்டுச்சேலை, தலை கொள்ளாத பூ, கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி, அப்பிய பவுடர். போட்டோ என்றார்களே என்று கல்யாணத்துக்குப் புறப்படுகிற மாதிரிப் புறப்பட்டு வந்திருக்கிறார்.

"வள்ளிம்மா, இதெல்லாம் வேணாம். நகையக் கழட்டிட்டு, பூவயும் எடுத்துரு" என்றார் டொரத்தி. அலுவலகத்தில் படங்களுக்குப் பொறுப்பான ஸ்டெஃபனி, சாயம் போன கைலி ஒன்றோடு தயாராக நின்றார். "இதக் கட்டிக்க. கொஞ்சம் கவலையாப் பாரு, போதும்."

வள்ளியம்மா கைலியை வாங்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"எம்மவ மலருக்கு மாப்புள பாத்திருக்கோம், அக்கா. அடுத்த வாரம் வீடு பாக்க வராங்க."

"மவ கல்யாணம்னு சந்தோஷமா சொல்ல வேண்டியதுதான. ஏன் மூஞ்சத் தூக்குற?"

"எனக்கு கிட்னி போச்சின்னு அவங்களுக்குத் தெரியும். மொதல்லயே சொல்லிட்டோம். சீக்குக்காரி வீட்டுல பொண்ணு எடுப்பாங்க அக்கா. பிச்சக்காரி வீட்டுல எடுப்பாங்களா? நீங்க போடுற படம் பேப்பர்ல வரும், பஸ் ஸ்டாப்புல வரும், எல்லாரு ஃபோன்லயும் வரும்."

"படம் சரியா வரலன்னா மெஷின் வராது. மெஷின் வரலன்னா உன் ஷிஃப்டே இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும் அக்கா. அதான வந்தேன்."

கேமரா பிடிக்கும் ஐவன் மெதுவாக, "வேற யாரையாச்சும் எடுக்கலாமே, ஆன்டி" என்றார். டொரத்தி அறையைச் சுற்றிப் பார்த்தார். குழாய் மாட்டிப் படுத்திருந்த ஒவ்வொருவரும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

டொரத்திக்கு வெட்கமாகப் போயிற்று. யார் கை எந்தப் பாக்கெட்டுக்குப் போகும் என்று ஊருக்கே சொல்கிறவருக்கு இது மட்டும் எப்படித் தோன்றாமல் போனது? நைஜல் படுத்திருந்தபோது இப்படி ஒருத்தி கைலியோடு வந்து நின்றிருந்தால், அவன் செருப்பைக் கழற்றி எறிந்திருப்பான். எறிந்த பிறகு அக்காளைத்தான் முதலில் திட்டியிருப்பான்.

டொரத்தியின் முகம் போன போக்கைப் பார்த்து வள்ளியம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. "கேக்குறதுக்கு நான் வெக்கப்படல அக்கா. எங்க வீட்டுக்காரரு லோரியில அடிபட்டுக் கெடந்தப்ப, மாரியாத்தாவுக்கு வேண்டிக்கிட்டு மேரு பூரா வீடு வீடா மடிப்பிச்ச எடுத்தேன். பூ வச்சி, நக போட்டுத்தான் போனேன். ஒருத்தரும் என்னப் பிச்சக்காரின்னு பாக்கல. அடுத்த உசுருக்காக ஏந்துனா அதுல என்னா வெக்கம்? தனக்குன்னு ஏந்துறதுதான் கஷ்டம்."

டொரத்தி கேட்டார்.

"அத எப்படி ஏந்துவாங்க? காட்டு."

வள்ளியம்மா உட்கார்ந்தபடியே முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார்.

"ஐவன், கேமராவ இந்தப் பக்கம் திருப்பு. இங்க அடுத்த உசுருக்காகக் கேக்குறது நான்தான்."

"நீங்களா? கிளையண்ட் எல்லாம் பாப்பாங்க, ஆன்டி."

"பாக்கத்தான லா படம்."

வள்ளியம்மா பதறிப்போனார். "அக்கா, நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. இது எங்க வேண்டுதல்."

"சாமிகிட்டயா கேக்கப் போறேன்? ஊர்க்காரன்கிட்ட கேக்குறேன், மெஷினுக்கு. நீ பதறாம ஒக்காரு."

ஸ்டெஃபனியிடம் துணி வாங்கி உதட்டுச் சாயத்தைத் துடைத்தார். காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். முந்தானையைப் பிரித்து, வள்ளியம்மா காட்டிய மாதிரியே இரண்டு கையிலும் பிடித்தார். சரியாக வரவில்லை. ஒரு பக்கம் தாழ்ந்தது. அதைத் தூக்கினால் மறுபக்கம் நழுவியது. எத்தனையோ பேரை எதிரில் உட்காரவைத்து இப்படிப் பார், அப்படித் திரும்பு என்று சொன்னவருக்குத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ரெடியா, ஆன்டி?"

"எடு."

"இருங்க தம்பி" என்றார் வள்ளியம்மா. "வெறும் மடிய ஏந்தக்கூடாது. எங்க பக்கம் மொதப் பிச்ச சொந்த வீட்டு ஆளுதான் போடுவாங்க."

பட்டுச்சேலை கசங்காமல் ஒதுக்கிக்கொண்டு, கைப்பையைத் திறந்து ஒரு பத்து வெள்ளி நோட்டை எடுத்தார். சங்கிலியைச் சரிசெய்துகொண்டார். நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையை நீட்டினார். நாற்காலியிலிருந்து அது எட்டவில்லை.

டொரத்தி மடியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, குனிந்து வாங்கிக்கொண்டார்.