மெஷினுக்கு அடியில் இரண்டு பேருக்கு இடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். கண்ணீரை அடக்கிக்கொண்டு எழுதினேன் என்று சொன்னால் அது பொய். நடுநடுவே எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் எழுதினேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அண்ணனை நெஞ்சுரம் மிக்கவர் என்றீர்கள். இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அண்ணன் பயந்த மனிதர். அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள் என்ற உரிமையில் அதைச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணன் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கான ஊரிகம் லைன் வீட்டில். எங்கள் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அண்ணன் பத்தொன்பது வயதில் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தார். ஃபிட்டர் வேலை. என்னைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அவர்தான். என் வீட்டுக்காரர் காலமானபோது நான் வாழ்க்கைப்பட்ட ராபர்ட்சன்பேட்டைக்கு வந்து, என் தையல் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு, "வா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அண்ணியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியூர் உறவினர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் பூமி ஆடும். ஆழத்தில் வெட்டி எடுத்த இடத்தைப் பாறை நெருக்கி வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே வீட்டில் பாத்திரம் உருளும், ஓடு சரியும். பெண்கள் எல்லோரும் முதலில் வாசலுக்கு ஓடுவோம், பிறகு ஆண்கள் இறங்கிய சுரங்க வாயிலுக்கு, ஷாஃப்டுக்கு, ஓடுவோம். ஒருமுறை அப்படி ஓடியபோது அண்ணன் உள்ளே மாட்டியிருந்தார். கல் இறங்கியபோது அவர் ஓர் இரும்புச் சட்டத்துக்கு அடியில் மடங்கிக் குந்தித் தப்பியிருக்கிறார். கூட இருந்த இருவர் ஓடப் பார்த்தார்களாம். அவர்கள் உயிரோடு வரவில்லை. மறுநாள்தான் அண்ணனைக் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவந்தார்கள்.

அதன் பிறகு அண்ணன் கட்டிலுக்கு அடியில் விழுந்த பொருளைக்கூடக் குனிந்து எடுக்கமாட்டார். ஷிப்டுக்குக் கிளம்பும்போது பூட்ஸ் கயிற்றைக் கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடியும் கட்டுவார். நானும் அண்ணியும் பார்க்காதவர்கள்போல் வேறு வேலை செய்வோம். வேலைக்குப் போகாமல் இருந்ததே இல்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டேதான் போனார்.

தொண்ணூறுகளில் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வலுத்தது. அண்ணன் ஒரு பழைய பேண்ட் சா மெஷின் வாங்கி வந்தார். வளையமாகச் சுற்றும் பல் பட்டை, இரும்புக் கம்பியையும் பைப்பையும் அறுக்கும். வேலை போனால் கிரில் செய்பவர்களுக்கு இரும்பு அறுத்துக் கொடுத்துப் பிழைக்கலாம் என்பது அவர் எண்ணம். மெஷின் நல்ல கனம். அதன் கால்களோ தகரத்தில் செய்தவை. அறுக்கும் கையை மேலே தூக்கினாலே மொத்தமும் பின்னால் சாயப் பார்க்கும்.

அதற்கு அண்ணன் செய்த காரியம், சுரங்கத்தில் வேலை பார்த்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. உள்ளே எதை நிறுத்தினாலும் பாறையில் போல்ட் அடித்து இறுக்குவார்கள். அதே பழக்கத்தில் பட்டைக் கம்பி வைத்து மெஷினைச் சுவரோடு சேர்த்து முடுக்கினார். லைன் வீட்டுச் சுவர் மண் சுவர் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். கை தன் பழக்கத்தில் செய்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்னதாக ஓர் ஆட்டம். டம்ளர்கூட உருளவில்லை. ஆனால் போல்ட் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்து, மெஷின் முன்பக்கம் விழுந்தது. அண்ணி அங்கேதான் குந்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பால் பொங்குகிறது என்று நான் கூப்பிட்டதால் அப்போதுதான் எழுந்திருந்தார். முறம் மெஷினுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அண்ணன் அந்த முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இழுத்து எடுக்கப் போனேன், "தொடாத" என்றார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே பழைய இரும்புக் கடையிலிருந்து தடித்த ஆங்கிள் சட்டங்களைக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல குந்துங்க. முட்டிய மடக்கி, தலைய குனிஞ்சி."

"இன்னாத்துக்குண்ணா? இரும்புக்கு அளவா, எங்களுக்கு ஜாக்கெட்டுக்கு அளவா?" என்றேன்.

"குந்துன்னா குந்து."

டேப்பை வைத்து எங்கள் தலைக்கு மேல் அளந்தார், தோளுக்குத் தோள் அளந்தார், சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். அந்த அளவுக்குத்தான் ஸ்டாண்ட் எழுந்தது. மெஷினுக்குத் தேவையானதைவிட ஒரு மடங்கு பெரிது. மூலைக்கு மூலை தகடு வைத்து வெல்டிங் செய்தார். பின்பக்கமும் பக்கவாட்டிலும் குறுக்குக் கம்பி கொடுத்தார். முன்பக்கம் மட்டும் திறந்தே விட்டார். பக்கத்து வீட்டுத் தேவராஜ் அண்ணன் அவரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்தவர். வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னாப்பா இது, மெஷினுக்கு ஸ்டாண்டா, கல்யாண மேடையா? முன்னாடி ஒரு கம்பி போட்டு, கீழ பலகை அடிச்சா சாமான் வெக்கலாம் இல்ல?"

"அங்க சாமான் வரக்கூடாது" என்றார் அண்ணன்.

தேவராஜ் அண்ணன் கிளம்பிய பிறகுதான் அண்ணன் எங்களிடம் சொன்னார். "ஏர் பிளாஸ்ட் வந்தா வாசலுக்கு ஓடாதீங்க, ஓடு தலைமேல வுழும். ரெண்டு பேரும் இதுக்குள்ள பூந்துக்குங்க."

அண்ணி கேட்டார், "நீங்க எங்க குந்துவீங்க?"

"நான் வெளிய நின்னு மெஷின புடிச்சிக்கிறேன்."

நான் சிரித்துவிட்டேன். ஸ்டாண்டோடு நாலு போல்ட் போட்டு முடுக்கிய மெஷினை இவர் எதற்குப் பிடிக்க வேண்டும்? அண்ணி சிரிக்கவில்லை. இரும்புக்கு அடியில் மறுபடியும் குந்த அண்ணனால் முடியாது என்பது அண்ணிக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

பெரிய ஆட்டம் ஒருநாள் மத்தியானம் வந்தது. தரைக்கு அடியிலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்தது. நானும் அண்ணியும் உள்ளே புகுந்தோம். ஓடுகள் சரிந்து விழுந்தன, புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. செத்தோம் என்றுதான் நினைத்தேன். புழுதி அடங்கியபோது எங்கள் முன்னால் அண்ணனின் கால்கள் இரண்டும் தெரிந்தன. முட்டியிலிருந்து பாதம் வரை நடுங்கிக்கொண்டிருந்தன. ஆனால் நின்ற இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. அவர் தோளில் ஓடு விழுந்து ரத்தம் வந்ததை வெளியே வந்த பிறகுதான் பார்த்தோம்.

இந்த வருடம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இனிமேல் பயமில்லை என்று நான் சாமிக்கு விளக்கேற்றினேன். அதற்குள் அண்ணனின் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கோலார் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் வந்தோம். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா கீதுமா" என்றார். வாழ்நாளில் அன்று ஒருமுறைதான் அதை வாயால் சொன்னார். "நான் இருக்கேண்ணா" என்றேன்.

அவர் போன மூன்றாம் நாள் பூமி மறுபடியும் ஆடியது. மூடினாலும் பாறை அடங்காது போலிருக்கிறது. வீடு நிறைய இருந்த உறவினர்கள் வாசலுக்கு ஓடினீர்கள். நானும் அண்ணியும் ஓடும் பழக்கத்தை எப்போதோ விட்டிருந்தோம். ஸ்டாண்டுக்கு அடியில் புகுந்து, முட்டியை மடக்கி, தலையைக் குனிந்து குந்தினோம். முன்னால் யாரும் இல்லை. அந்த வெறும் இடத்தைப் பார்த்தபோது வந்த பயம் எனக்கு எந்த ஆட்டத்திலும் வந்ததில்லை. அண்ணி என் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அப்போது அந்த இடத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன.

அண்ணனைக் கோலாருக்கு அழைத்துப்போக வண்டி கொடுத்தவர்களுக்கும், ராப்பகலாக உடனிருந்து பார்த்துக்கொண்ட லைன் வீட்டு மக்களுக்கும், குடியாத்தத்திலிருந்து வந்து காரியங்களை நடத்திக்கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தேவராஜ் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. தனக்குப் பிறகு ஆட்டம் வந்தால் எங்கள் முன்னால் வந்து நிற்கும்படி அண்ணன் அவரிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. நாலு போல்ட் போட்ட மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆட்டம் அடங்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.

அவர் கால்களும் நடுங்கின.

அன்புத் தங்கை