வினாயகமூர்த்தி வாசிக்காமல் விட்டது

வினாயகமூர்த்தியை எனக்குப் பிடிக்காது. அந்த நாளிலும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, பற்றிக் என்கிற இந்த அச்சுக்காரன் ஒரு பக்கம் சாய்ந்து எழுதுகிறான் என்று எவரும் என்மேல் பாய வேண்டாம். பக்கம் சாய்கிறது, பக்கம் சாய்கிறது என்று சொல்லிச் சொல்லியே எங்கள் பத்திரிகையைக் குழிக்குள் இறக்கிய ஊர்கள் இவை.

அறுபதுகளில் மட்டக்களப்பு நகரில் எங்கள் வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அச்சுக் கோப்பது நான், பிழை திருத்துவது நான், சனிக்கிழமைகளில் கட்டுக் கட்டி முகவர்களிடம் கொடுப்பதும் நான். வவுணதீவுக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு வினாயகமூர்த்திதான் முகவர். கொஞ்சம் வயல், கொஞ்சம் படிப்பு, மிச்சமெல்லாம் கட்சி. தமிழ்க் கட்சி என்றால் உயிரை விடுவார். மரியாதையாகவே எழுதுகிறேன். அது அவருக்காக அல்ல, அச்சில் ஏறும் எழுத்துக்காக.

அவருடைய ஊரில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. சீதேவி என்ற விதவை ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். அந்தக் கடை வாங்கில் உட்கார்ந்து வினாயகமூர்த்தி பத்திரிகையை உரத்து வாசிப்பார். வயலிலிருந்து வருகிறவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். கூத்தில் ராசாவுக்கு ஆடியவர், குரலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் வாசித்தது எங்கள் பத்திரிகையை அல்ல. தன் கட்சிக்காரரின் பேச்சு வந்தால் நாங்கள் போடாத கைதட்டலையும் சேர்த்து வாசிப்பார். அரசாங்கக் கட்சிக்காரர் ஒரு பாலத்தைத் திறந்து வைத்தால் அந்தப் பந்தியை அப்படியே விழுங்கிவிடுவார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் தங்கள் கட்சிப் பத்திரிகை என்றே நம்பினார்கள்.

ஒரு வருடம் மாரி மழை ஏமாற்றிவிட்டது. குளத்தில் பாதித் தண்ணீர்தான். கோடைச் சிறுபோகத்துக்கு எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்கு, நீர் விடுவது என்று தீர்மானிக்கக் கரடியனாற்றில் கூட்டம் வைத்தார்கள். ஒரு வட்டையில் நூறு வயல் இருந்தாலும், அங்கிருந்து ஓர் ஆளாவது போய்க் கேட்காவிட்டால் அந்த வட்டைக்கு நீர் கிடையாது. முன்பென்றால் நீர் பங்கிடும் வட்டை விதானை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போவார். விதானைப் பதவியை அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகு அறிவித்தல் எங்கள் பத்திரிகையில்தான் வரும். மூன்றாம் பக்கத்தில் கட்டம் போட்டு நானே அதைக் கோத்தேன். கூட்டத்துக்குத் தலைமை அரசாங்கக் கட்சிப் பிரமுகர் என்று முதல் வரியிலேயே இருந்தது. வினாயகமூர்த்திக்கு அந்த வரி போதும், பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

அந்த ஊரின் மருதடி வட்டையிலிருந்து ஒரு குஞ்சும் கூட்டத்துக்குப் போகவில்லை. தண்ணீர் பக்கத்து வட்டைகளுக்குப் போய்விட்டது. சீதேவி அக்காவின் வயலும் மருதடியில்தான், வினாயகமூர்த்தியின் வயலும் அங்கேதான்.

சில வாரங்கள் கழித்து, கணக்குப் பார்க்க நான் அந்த ஊருக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். சீதேவி அக்கா தேத்தண்ணியைக்கூட ஊற்றாமல் கேட்டார்.

“தம்பி, தண்ணிக் கூட்டம் எண்டு உங்கட பேப்பர்ல ஒண்டும் போடல்லயா?”

“போட்டம் அக்கா. மூணாம் பக்கத்தில.”

வடை சுற்ற வைத்திருந்த பழைய தாள்களுக்குள் தேடி அந்த இதழை எடுத்தேன். எல்லாருக்கும் கேட்க வாசித்தேன். சீதேவி அக்கா வினாயகமூர்த்தியின் பக்கம் திரும்பினார்.

“ஏன் இத வாசிக்கல்ல?”

அந்த மனிதர் கொஞ்சமும் தடுமாறவில்லை. “வாசிச்சிருந்தா எல்லாரும் அவன்ட காலடியில போய்த் தண்ணிக்குக் கையேந்தியிருப்பீங்க மச்சாள். என்ட வயலும்தான் காய்ஞ்சு கிடக்கு. நான் அழுதனா?”

இப்போது அவரைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு உள்ளூரச் சந்தோசமாகக்கூட இருந்தது. தங்கராசா என்ற பெரிய வெள்ளாண்மைக்காரர் எழுந்தார். என்னிடம்தான் வந்தார்.

“நம்மட பேப்பர் எண்டெல்லோ இவ்வளவு நாளும் இருந்தம். அவன்ட பேரையும் போடுறீங்களா?”

சுற்றி நின்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். தன் வயலையே காயவிட்ட மனிதன் என்று வினாயகமூர்த்திக்கு அன்றைக்கு மதிப்புக் கூடிவிட்டது. பொய் வாசித்தவன் தியாகி, உள்ளதைப் போட்டவன் துரோகி. கணக்கும் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஊருக்குக் கட்டு வேண்டாம் என்றார்கள். இதே நேரத்தில், நாங்கள் தமிழ்க் கட்சியின் கையாட்கள் என்று சொல்லி அரசாங்கக் கட்சிக்காரர் மற்ற ஊர்களில் நிறுத்தினார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே வேலை அதுதான். வருடம் முடிவதற்குள் பத்திரிகை நின்றது. நான் கலியாணக் கார்ட் அச்சடிக்கப் போனேன்.

மறு வருடமும் குளம் நிரம்பவில்லை. பத்திரிகை இல்லாததால் அறிவித்தலைக் கரடியனாற்று நீர்ப்பாசனக் கந்தோர்ச் சுவரில் ஒட்டினார்கள். வினாயகமூர்த்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து, இந்த முறை கூட்டமே இல்லை என்று ஊரில் சொன்னார். நம்பினார்கள். சீதேவி அக்கா நம்பவில்லை. கடையை மூடிவிட்டு பஸ் ஏறிப் போய், கந்தோர் வாசலிலேயே இருந்து கூட்ட நாளைக் கேட்டறிந்தார். கூட்டத்திலும் தனியாகப் போய் உட்கார்ந்தார். மருதடி வட்டைக்கு யார் என்று கேட்டபோது எழுந்து நின்றார். பொம்பிளையா என்று சிரித்தார்களாம். தண்ணீர் தருகிறோம் என்று சொல்லும்வரை அவர் உட்காரவில்லை.

போகம் முடிந்த பிறகு மகளின் கலியாணக் கார்ட்டுக்காக அச்சகத்துக்கு வந்தபோது அவரே இதையெல்லாம் சொன்னார். அரசாங்கக் கட்சிக்கு விலைபோனவள் என்று ஊர் பேசுகிறதாம். தமிழ்க் கட்சி போட்ட சத்தத்தில்தான் தண்ணீர் வந்தது என்று வினாயகமூர்த்தி சொல்ல, அதையும் தலையாட்டிக் கேட்டார்களாம்.

“அவர் தன்ட வயலுக்குத் தண்ணி எடுத்தாரா?” என்று கேட்டேன்.

“முதல்ல எடுத்ததே அவர்தான் தம்பி. அவர்ட வயல் வாய்க்காலுக்குக் கிட்ட.”

எனக்குக் கெட்ட வார்த்தைதான் வந்தது. அக்கா கார்ட் மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“நெல்லு எல்லாருக்கும் நல்லா விளைஞ்சது. என்ட கடையில தேத்தண்ணி குடிக்கத்தான் ஒருத்தரும் வாறல்ல,” என்றார். “கார்ட்ட கொஞ்சமா அடி தம்பி. எங்கட ஊர்ல ஒருத்தருக்கும் குடுக்கப்போறல்ல.”